நாலு விரற்கடைக் கண்ணாடி

போன வாரம் தென்காசி கார் ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் போன் செய்தான். யாரோ ஒரு டாக்டருக்கு ஒருநாள் ஆக்டிங் டிரைவராகப் போயிருக்கிறான். கோடிக்குப் பக்கத்தில் விலை சொல்லும் வண்டி.

"அண்ணாச்சி, இதுல பெட்ரோல் மூடி எப்படித் தொறக்கது? பங்க்ல நிக்கேன். பின்னால நிக்கவன் எல்லாம் ஆரன் அடிக்கான்" என்றான்.

கதவுப் பூட்டை எடுத்துவிட்டு மூடியின் ஓரத்தை உள்ளங்கையால் அமுக்கு, தானே திறக்கும் என்றேன். திறந்துவிட்டது. "நீங்க பெரிய ஆளு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பெரிய ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதே மாதிரி ஒரு வண்டியைக் கொஞ்ச காலம் ஓட்டினேன். அதற்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். கண்ணெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வண்டியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரு கைதான் என் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி பழகிய கதையை நீட்ட வேண்டியதில்லை. கடையத்தில் ஒரு லாரியில் கிளீனராக ஏறினேன். ஸ்பேனரால் அடி வாங்கினேன். லைசென்ஸ் எடுத்தேன். அப்புறம் தென்காசியில் தேங்காய் மண்டி வைத்திருந்த சிவசுப்பு அண்ணாச்சியிடம் சேர்ந்தேன். எனக்கு முதலாளி என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

வடகரைப் பக்கத்துத் தோப்புகளில் காய் எடுத்து வடக்கே லாரி ஏற்றுவது அவர் வியாபாரம். தோப்பு தோப்பாகச் சுற்ற ஒரு வெள்ளை அம்பாசடர் வைத்திருந்தார். நான் சேர்ந்த அன்று லைசென்ஸைக்கூடக் கேட்கவில்லை. பின்சீட்டில் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கதவிலிருந்த கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினார். இறங்கிய இடைவெளியில் நாலு விரலைப் படுக்கை வசமாக வைத்துப் பார்த்து நிறுத்தினார்.

"நாலு விரக்கட. இதுக்கு மேல ஏத்தவும் கூடாது, இறக்கவும் கூடாது. காத்து வரும், சட்ட நனையாது. தெரிஞ்சுதா வே?"

தெரிந்தது என்றேன். என் தலை நரைக்கும்வரை அந்த அளவு மாறவில்லை.

காலையில் வண்டியைத் துடைத்து நிறுத்தினால், மினுமினுப்பைப் பார்க்க மாட்டார். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்தில் ஒரு விரலை ஓட்டிப் பார்ப்பார். மண் இருந்தால் விரலை என்னிடம் காட்டுவார். திட்டெல்லாம் கிடையாது. நான் பிரேக்கை ஓங்கி மிதித்தால் "காய் ஒடைஞ்சிரும்வே" என்பார். வண்டிக்குள் ஒரு காயும் இருக்காது.

அவர் வியாபாரமே அந்த ஜன்னல் வழியாகத்தான் நடந்தது. வழியில் யார் கையைக் காட்டினாலும் நிறுத்தச் சொல்வார். தோப்புக்காரர், மரம் ஏறுகிறவர், வாழைக்குலை சுமந்து போகிறவர், எல்லாரும் ஜன்னலில் முகத்தை வைத்துப் பேசிவிட்டுப் போவார்கள். ஒருதரம் நல்ல வெயில், புழுதி வேறு. கண்ணாடியை ஏற்றிவிடலாமா முதலாளி என்று கேட்டுவிட்டேன்.

"கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போய் நின்னா, தோப்புக்காரன் நம்மள ஜப்தி பண்ண வந்தவன்னு நெனைப்பான்வே" என்றார்.

அவருடைய ஒரே மகன் ஆனந்த் துபாயில் நல்ல வேலையில் இருந்தார். ஒவ்வொரு தடவை லீவில் வரும்போதும் புது வண்டி வாங்கித் தருகிறேன் என்பார். அண்ணாச்சி பிடி கொடுக்க மாட்டார். "பட்டன அமுக்குனா எறங்குத கண்ணாடி நாலு விரல்ல நிக்குமாலே? ஒண்ணு பூரா எறங்கும், இல்லன்னா பூரா ஏறும். அது நமக்கு ஆகாது" என்பார். அப்பாவும் மகனும் சிரிப்பார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. சீசன் ஆரம்பித்துச் சாரல் விழுந்த முதல் நாள், மண்டியில் எவ்வளவு வேலை கிடந்தாலும் குற்றாலம் போயாக வேண்டும். சின்ன வயதில் குளிப்பாராம். நான் சேர்ந்த பிறகு குளித்துப் பார்த்ததில்லை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொல்வார். அன்றைக்கு மட்டும் நாலு விரல் கணக்கு கிடையாது. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை அடிவரை இறக்கிவிட்டு, முகத்தை வெளியே நீட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். சட்டை நனையும். அன்றைக்கு நனையலாம். அங்கே மங்குஸ்தான் விற்கும் மாரியம்மாள் கூடையோடு வந்து ஜன்னலில் நின்று குடும்பக் கதை முழுவதும் பேசுவாள். அவருடைய திருவிழா அவ்வளவுதான்.

ஒரு மார்கழியில் அண்ணாச்சி மண்டியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். வாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. மகன் ஓடி வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அழுத அழுகையை நான் பார்த்தேன். அவரைப் பற்றி யாரும் தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அப்பாமேல் உயிரையே வைத்திருந்த பிள்ளை.

திருநெல்வேலிக்குப் பிசியோதெரபிக்கு வாரம் தவறாமல் போகச் சொன்னார்கள். அம்பாசடரில் குலுங்கக் குலுங்க எப்படிக் கொண்டுபோவது? லீவு முடியுமுன் ஆனந்த் தம்பி அந்தப் பெரிய வண்டியை வாங்கி நிறுத்திவிட்டார். அம்பாசடரை யாருக்கோ கொடுத்தாயிற்று.

ஷோரூம் பையன் வந்து எனக்கு வண்டியை விளக்கினான். சீட்டு முதுகு பிடித்துவிடும். உள்ளே விளக்கு நிறம் மாறும். வாசனை அடிக்கும். பேசினால் பதில் சொல்லும். எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, வைப்பர் எங்கன இருக்கு?" என்றேன். "அது தானாப் போடும் சார்" என்றான். ஹேண்ட்பிரேக்? "அதுவும் தானே பிடிச்சுக்கும்." ஏசியை அணைக்க? "எல்லாம் ஸ்கிரீன்லயே இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் போன பிறகு வைப்பர் என்று நினைத்து ஒரு குச்சியைத் தட்டினேன். அதுதான் கியர். வண்டி பின்னால் நகர்ந்து துளசிமாடத்தை இடிக்கப் பார்த்தது. அந்த வண்டியில் இல்லாதது எதுவுமில்லை. எனக்கு வேண்டியது எதுவும் கண்ணில் படவுமில்லை.

தம்பி ஊருக்குக் கிளம்புமுன் சில ஏற்பாடுகள் செய்தார். அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டினால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பின்கதவுக் கண்ணாடி உள்ளிருந்து இறங்காதபடி பூட்டி வைத்தார். வண்டி எங்கே நிற்கிறது, உள்ளே எவ்வளவு குளிர் என்பதெல்லாம் அவர் போனில் தெரியும். அங்கிருந்தே ஏசியைக் கூட்டுவார், குறைப்பார். நம்மூர் வழக்கப்படி வண்டிக்குள் பாலித்தீன் கவரைக் கழற்றவில்லை. சீட்டு, கதவு, பட்டன் எல்லாவற்றின்மேலும் அப்படியே இருந்தது.

"அப்பா நடக்க ஆரம்பிச்சதும் நான் வருதேன். கோயிலுக்குப் போய்ட்டு வந்து நானே என் கையால பிரிக்கேன். அதுவரைக்கும் ஒரு கீறல் விழாமப் பாத்துக்கிடுங்கண்ணே" என்றார். வேண்டுதல் மாதிரி சொன்னார். அதை எப்படி மீறுவது?

ஓட்ட ஆரம்பித்தேன். அண்ணாச்சி பழைய இடத்தில், பின்னால் இடது பக்கம். அவர் வீட்டம்மா பார்வதி அக்கா அவருக்கு வலது பக்கம். முதல்தடவை பங்க்கில் பெட்ரோல் மூடி திறக்காமல் நான் பட்ட பாடு கொஞ்சமா? சாவியை நுழைக்க ஓட்டையைத் தேடுகிறேன், குனிந்து சீட்டுக்கு அடியில் தடவுகிறேன். பங்க்காரர் எரிச்சலில் மூடிமேல் ஒரு தட்டுத் தட்டினார். டொக்கென்று திறந்துகொண்டது. திரும்பிப் பார்த்தால், கண்ணாடிக்குள்ளே அண்ணாச்சி ஒரு பக்கத்து வாயால் சிரிக்கிறார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். பார்வதி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அதற்கப்புறம்தான் அந்தக் கை ஆரம்பித்தது. வண்டி கிளம்பியதும் நல்லாயிருந்த இடது கையைக் கதவின்மேல் வைத்துச் சுற்றுவார். பாலித்தீன் சரக் சரக்கென்று சத்தம் போடும். ஆலங்குளம் தாண்டும்வரை சுற்றுவார். பிறகு ஓய்ந்துபோய் மடியில் கையை வைத்துக்கொள்வார்.

"நரம்பு இழுக்குது போல சம்முவம்" என்றார் அக்கா. டாக்டரிடமும் சொன்னார். கைக்கு நல்ல பயிற்சிதான், சுற்றட்டும், தடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். தம்பிக்குப் போனில் சொன்னபோது அவருக்கு ஏக சந்தோஷம். "கையில தெம்பு வருது அண்ணே, பாருங்க" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். அவர் சுற்றச் சுற்ற நாங்கள் மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம். 

வைகாசிக் கடைசியில் ஒருநாள் மண்டி லோடு ஆட்டோவுக்கு ஆள் வரவில்லை. நான் எடுத்துக்கொண்டு வடகரைக்குப் போனேன். புழுக்கம். கை தன்னால் போய்க் கதவிலிருந்த கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை இறக்கியது. பாதியில் என் கையை நானே பார்த்தேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஐயோ என்று வாய்விட்டே சொன்னேன். நரம்பும் இல்லை, பயிற்சியும் இல்லை. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருக்கிறார். இத்தனை மாதமாக இல்லாத கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

லோடை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவர் சட்டென்று எழுந்தார். உள்ளே போய் அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். "ஏங்க, கண்ணாடியவா இறக்கச் சொன்னீக?" என்று கேட்டது வாசலுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா விசும்பும் சத்தமும் கேட்டது.

வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் கதவில் இரண்டே பட்டன். இரண்டையும் அமுக்கினால் முன்கண்ணாடிகள்தான் இறங்கின. பின்கண்ணாடிக்குப் பட்டனே இல்லை. ஸ்கிரீனில் தேடினேன். ஏதோ ஒரு படத்தைத் தொட்டேன், சீட்டு என் முதுகைப் பிடிக்க ஆரம்பித்தது. இன்னொன்றைத் தொட்டேன், உள்ளே ஊதா வெளிச்சம் வந்தது. ஒரு கண்ணாடியை இறக்க இவ்வளவு பாடா என்று எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடைசியில் அந்த இரண்டு பட்டனுக்கும் முன்னால் பாலித்தீனுக்கு அடியில் தூசி படிந்து, பின்பக்கம் என்று இங்கிலீஷில் பொடி எழுத்துத் தெரிந்தது. தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை. கவருக்கு மேலே தொட்டால் அதற்கு உறைக்காது. தம்பி சொன்னது ஞாபகத்தில் இருந்தது. நகத்தால் ஒரு அங்குலம் கிழித்தேன். விரலை வைத்ததும் எழுத்தில் விளக்கு எரிந்தது. இப்போது அதே பட்டனை அமுக்கினேன், பின்கண்ணாடி இறங்கியது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அடுத்து இரண்டொரு நாளில் சாரல் விழுந்துவிட்டது. காலையிலேயே மலை தெரியவில்லை. அக்கா அண்ணாச்சிக்கு வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி, தயாராக உட்கார வைத்திருந்தார். குற்றாலம் என்று யாரும் சொல்லவில்லை. இலஞ்சி தாண்டி வண்டி திரும்பியதும் அவர் கை கதவுக்குப் போய்விட்டது.

வழக்கமான மரத்தடியில் நிறுத்தினேன். பட்டனை அமுக்கினேன். கண்ணாடி அடிவரை இறங்கியது. சாரல் உள்ளே வந்தது. அண்ணாச்சி முகத்தை வெளியே திருப்பிக் கண்ணை மூடினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொல்லாக வரவில்லை.

அப்போது கண்ணாடி தானாக ஏற ஆரம்பித்தது. நான் எதையும் தொடவில்லை. மறுபடி இறக்கினேன். மறுபடி ஏறியது. முழுவதும் மூடிக்கொண்டது. என் போன் அடித்தது. தம்பி.

"அண்ணே, பின்னால கண்ணாடி தொறந்திருக்கு, மழ பெய்யுதுன்னு எனக்கு மெசேஜ் வருது. நான்தான் மூடுதேன். அப்பா உள்ள இருக்காகளா? என்னண்ணே செய்தீக?"

"தம்பி, அவுக கேக்காக. கையச் சுத்துனது..."

"சளி கட்டுச்சுன்னா என்னண்ணே ஆகும்? நான் எங்கயோ கெடக்கேன். உங்கள நம்பித்தானே விட்டுட்டு வந்தேன்!" குரல் உடைந்துவிட்டது. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அண்ணாச்சி மூடின கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபமில்லை. இடது கையைக் கதவில் வைத்து மறுபடி சுற்ற ஆரம்பித்தார்.

"சம்முவம்" என்றார் அக்கா. "போன வைங்க. எறங்கி கதவத் தொறங்க."

"தம்பி..."

"அவன் எம் பிள்ளதான். நான் சொல்லிக்கிடுதேன். நீங்க தொறங்க."

இறங்கினேன். வெளிப்பிடியை இழுத்துக் கதவை அகலத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி இடுப்பை முட்டுக் கொடுத்து நின்றேன். வண்டி கதவு திறந்திருக்கிறது, கதவு திறந்திருக்கிறது என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டே இருந்தது. துபாயிலிருந்து எதை அமுக்கினாலும் அந்தக் கதவைச் சாத்த முடியவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அண்ணாச்சி முகமெல்லாம் தண்ணீர். சட்டை நனைந்தது. மாரியம்மாள் கூடையைத் தலையில் வைத்தபடி ஓடி வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, வண்டி மாறிப்போச்சு, நான் யாரோன்னுல்லா நெனச்சேன்! சடச்சு மெலிஞ்சுட்டீகளே" என்றவள், அவர் பதில் சொல்லாததைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஒரு மங்குஸ்தானை உடைத்து வெள்ளைச் சுளையை அவர் இடது உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை வாயில் போடவில்லை. மூடிய கைக்குள் வைத்துக்கொண்டே வீடுவரை வந்தார்.

அவருக்குச் சளி பிடிக்கவில்லை. காய்ச்சல் வரவில்லை. ஆனால் ஆடி பிறந்த கொஞ்ச நாளில் தூக்கத்திலேயே இரண்டாம் தடவை வாதம் வந்து போய்விட்டார். சாரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் அக்காவிடம் சொன்னார். தம்பியிடமும் சொன்னார். தம்பி தலையை ஆட்டினார். ஆனால் வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் எல்லா வேலைக்கும் ஓடினேன். சாமான் ஏற்றினேன், ஆள்களைக் கூட்டி வந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். தம்பி பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். பாலித்தீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். சீட்டிலிருந்து உரித்தது காலடியில் குவிந்து கிடந்தது. கதவுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

நானும் எட்டிப் பார்த்தேன். கதவில் பாலித்தீன் ஒரு வட்டமாகத் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் பளபளவென்று இருக்க, அங்கே மட்டும் வெளுத்து, நூல் நூலாகக் கீறி, ஓரிடத்தில் கிழிந்தும் போயிருந்தது. ஒரு உள்ளங்கை சுற்றி வரும் அளவு வட்டம்.

"இதுதானாண்ணே?" என்றார்.

"ஆமா தம்பி. அம்பாசடர்ல கைப்பிடி இங்கனதான் இருக்கும்."

அந்த வட்டத்தின் ஓரத்தை ஒரு விரலால் தடவினார். பிறகு சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார். "இறக்கதுக்கு எந்தப் பக்கம்ணே சுத்தணும்? எனக்கு மறந்துபோச்சு."

 அவர் கையைப் பிடித்து அந்த வட்டத்தின்மேல் வைத்து முன்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். அப்புறம் அவரே சுற்றினார். பாலித்தீன் சரக் சரக்கென்றது. அந்தச் சத்தத்தில் அவர் அழுவது கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தவே இல்லை.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். கிழித்து வைத்திருந்த இடத்தில் விரலை வைத்தேன், விளக்கு எரிந்தது. அவர் சுற்றுகிற வேகத்துக்கு விட்டு விட்டுப் பட்டனை அமுக்கினேன். கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நாலு விரற்கடை வந்ததும் கையை எடுத்தேன். நின்றுவிட்டது.

அந்த வண்டியில் நான் செய்த கடைசி வேலை அது. இத்தனை மாதமும் அண்ணாச்சி எங்களிடம் கேட்டது அவ்வளவுதான்.